தலை நிமிராத காவலன்

"ஏம்மா, இது கதையா, இல்லை கொடுமையா?"

தளபதி மேஜையில் ஓங்கிக் குத்தியதில் பகடைகள் எல்லாம் துள்ளிக் கீழே விழுந்தன.

சனிக்கிழமை மதியம். விளையாட்டுச் சாமான்கள் விற்கும் கடையின் பின்னறை. நீள மேஜையில் மலையும் கோட்டையும் வரைந்த பெரிய தாள். ஒரு பக்கம் தளபதி, மந்திரவாதி, வில்லாளி என்று மூன்று ஆட்டக்காரர்கள். எதிரே, நிமிர்த்தி வைத்த அட்டை மறைப்புக்குப் பின்னால் கதைசொல்லி. கதையை அவள் நடத்துவாள். இவர்கள் அதற்குள் புகுந்து, என்ன செய்வது என்று முடிவெடுத்துப் பகடை உருட்டுவார்கள். அந்த அறையில் ஒரே ஒரு கட்டுப்பாடுதான். வெளியே யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று யாரும் கேட்கக் கூடாது. உள்ளே வந்துவிட்டால் தளபதி தளபதிதான்.

கதைசொல்லிக்கு இன்று முதல் நாள். கதையும் அவளே கொண்டு வந்தது. "அவங்க முகம் சுளிச்சா அடுத்த வாரம் வர வேண்டாம்" என்று கடைக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார். அவர்களோ முகம் சுளிக்கும் கட்டத்தைத் தாண்டி அரை மணி நேரம் ஆகிவிட்டது.

"மூணு மணி நேரமா ஒரு பூதம் இல்லை, ஒரு டிராகன் இல்லை," என்று பொரிந்தாள் வில்லாளி. "மலை மேல இருக்கிற ஊருக்குத் தண்ணி வேணும். மதகைத் திறக்க ஒரு முத்திரை வேணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்," என்றாள் கதைசொல்லி.

"அதுக்கு அந்தக் காவலன் எங்களைக் கிழக்கு வாசலுக்குப் போகச் சொல்றான். அங்க போனா மேற்கு வாசல் ஓலை கேட்கறாங்க. அதையும் வாங்கிட்டு வந்தா, முதல்ல கொடுத்த ஓலை காலாவதி ஆயிடுச்சாம்! என்ன, எங்களைப் பந்தாடறீங்களா?"

"நான் இல்லை, காவலன்."

மந்திரவாதி பொறுமைசாலி. அவரே மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். "புதுசா எழுதறவங்க எல்லாரும் செய்யற தப்பும்மா இது. எந்தப் பக்கம் போனாலும் கதவைச் சாத்தினா ஆடறவனுக்கு என்ன வேலை? ஒரு வழியாவது வைக்கணும்."

"வழி இருக்கு சார். காவலன் மனசு வெச்சா அஞ்சு நிமிஷ வேலை."

"அப்ப அவன் மனசை நான் மாத்தறேன்." தளபதி குனிந்து தன் பச்சைப் பகடையைத் தேடி எடுத்தார். இருபது முகம் கொண்டது. ஒரு முகத்தில் கடையின் சின்னம் இருக்கும். எங்கே போனாலும் அது அவர் சட்டைப் பையில் கூடவே போகும். "அந்த மலை ஊர்ல ஒரு குயவர் வீட்டம்மா குடத்தோட தினம் முந்நூறு படி ஏறுறாங்களே, அதை அவனுக்கு எடுத்துச் சொல்றேன்."

உருட்டினார். இருபது!

மூவரும் கூச்சல் போட்டார்கள். இருபது விழுந்தால் நினைத்தது நடந்தே தீர வேண்டும். அதற்கு மேல் எண்ணே கிடையாது.

கதைசொல்லி நிதானமாகச் சொன்னாள். "நீங்க உருக்கமா பேசறீங்க. காவலன் ஒரு கூழாங்கல்லை உருட்டிக்கிட்டே கேட்கறான். தலையை நிமிர்த்தலை. 'ஒரு கையெழுத்து குறையுது, அடுத்த வாரம் வாங்க'ன்னு சொல்றான்."

"இருபது விழுந்துமா?" தளபதி எழுந்தே விட்டார். "நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டானா? மனுஷனா அவன், கல்லுளிமங்கன்! இப்படி ஒருத்தன் எங்கம்மா இருப்பான்? கதைன்னாலும் நம்பற மாதிரி இருக்க வேண்டாமா?"

சத்தம் கேட்டுக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ஆனாலும் கதைசொல்லி பின்வாங்கவில்லை.

"சரி. விஷயம் ராஜா காதுக்குப் போயிடுது. காவலனுக்கு என்ன தண்டனைன்னு உங்களையே முடிவு பண்ணச் சொல்றார்."

"தலையை வெட்டணும்," என்றாள் வில்லாளி.

"கூடாது." நியாயம் என்று வந்துவிட்டால் தளபதி அவசரப்பட மாட்டார். "வெட்டினா ஒரு நொடியில போய்ச் சேர்ந்துடுவான். அந்தம்மா வீட்டுக்குத் தண்ணி வர்ற வரைக்கும் இவனே தினம் குடம் சுமந்து படியேறணும். அப்பத்தான் புத்தி வரும்."

முக்கியமான முடிவுகளை எழுதிக் குழுத் தலைவர் கையெழுத்துப் போடுவது அந்த மேஜையின் வழக்கம். கதைசொல்லி தீர்ப்பை எழுதித் தாளை நீட்டினாள். தளபதி வால் நீண்ட தன் கையெழுத்தைச் சரக்கென்று இழுத்தார். "இப்பத்தாம்மா வயிறு குளிருது," என்று உட்கார்ந்தார்.

அவள் அட்டை மறைப்பை மடக்கினாள். அதன் பின்னால் கதைக் குறிப்பு ஒன்றுகூட இல்லை. வீட்டுக்குத் தண்ணீர் இணைப்பு கேட்டு எழுதிய ஒரு விண்ணப்பமும், அதைத் திருப்பி அனுப்பிய பதினோரு தாள்களும்தான் இருந்தன. ஒவ்வொரு தாளின் அடியிலும் அதே வால் நீண்ட கையெழுத்து.

"காவலன் பேசினது எதையும் நான் கற்பனை பண்ணலை சார். எல்லாம் உங்க ஆபீஸ்ல நீங்க சொன்னதுதான்," என்றாள். "ஃபைல் மேல உருட்டிக்கிட்டே இருப்பீங்களே, அந்தப் பச்சைப் பகடையில இந்தக் கடையோட சின்னம் இருந்துச்சு. பதினோரு தடவை உங்க முன்னாடி வந்து நின்னேன். ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருந்தா, இன்னிக்கு நான் உள்ளே வந்ததுமே உங்களுக்கு அடையாளம் தெரிஞ்சிருக்கும்."

தளபதி அந்தத் தாள்களையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வீடு மூணாவது மாடி," என்றபடி தீர்ப்புத் தாளை விண்ணப்பத்தோடு சேர்த்துக் குத்தினாள். "குடத்தைக் கீழேயே வெச்சிருக்கேன், வாங்க சார்."