கேசட்டின் கடைசிப் பாட்டு

மாலை நாலரை மணிக்குக் கல்லூரி இசைக்குழுவில் பாடகிக்கான தேர்வு நடந்தது. அப்பா இளமையில் ரசித்த ஆங்கில ராக் ஆல்பத்தை அவருடைய கேசட்டில் கேட்டுக் கேட்டு ஊறிப்போயிருந்த தாரிணிக்கு, அந்த இடம் தனக்குத்தான் என்று நிச்சயம்.

அதை அவள் பெருமையாகச் சொன்னதும், "அந்த ஆல்பத்துல உனக்கு எந்த எடம் உசுரு?" என்று கேட்டான் குழுவின் கிதார்காரன்.

"கடைசியில கிதார் கதறி ஓய்ஞ்சதும் நாதஸ்வரம் ஒண்ணு எழும்புமே, அதுதான்."

குழுவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஆல்பத்தைப் போனில் போட்டுக் காட்டினார்கள். கிதார் ஓய்ந்தது, அப்புறம் ஒன்றுமில்லை. அடுத்த பெண்ணைக் கூப்பிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து பொரிந்து தள்ளினாள். அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "கேசட்டுல எடம் மிஞ்சினா, ரெக்கார்டிங் கடைக்காரர் கையில கெடைச்சதப் போட்டு ரொப்பிக் குடுப்பாருடி."

விண்ட தோசையோடு அப்பாவின் கை அந்தரத்தில் நின்றது.

"அப்போ வெள்ளைக்காரன் நம்ம நாயனத்த வாசிக்கவே இல்லையா?"