அக்கரைக்கு ஒரு விமானம்

"பிராசவில் போக ஒரு விமான டிக்கெட் போடும்மா."

பெரியவர் பொலாம்பா கேட்டதும் லுசோலோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கின்ஷாசாவில் அவளுடைய டிக்கெட் அலுவலக ஜன்னலைத் திறந்தாலே காங்கோ ஆற்றுக்கு அந்தப் பக்கம், அடுத்த நாட்டின் தலைநகரான பிராசவில் தெரியும்.

"ஐயா, ரெண்டு விமான நிலையத்துக்கும் நடுவுல மொத்தமே இருபத்தஞ்சு கிலோமீட்டர். பறக்கிறது கால் மணி நேரம், விமான நிலையத்துல காத்துக்கிடக்கிறது மூணு மணி நேரம். பேசாம படகுல போங்க."

"படகு வேணாம்மா."

"இந்த ஊர்ல பொறந்துட்டு தண்ணின்னா பயமா?"

அவர் சிரிக்கவில்லை. "எத்தனை மணி நேரம் ஆனாலும் சரி, விமானமே போடு."

வேறு வழியில்லாமல் அவள் விவரங்களை எழுதத் தொடங்கினாள்.

"என்ன தொழில் பண்றீங்க?"

"படகோட்டி. இங்கேருந்து பிராசவில் போற படகை இருபது வருஷமா நான்தான் ஓட்டுறேன்."

லுசோலோ எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

"என் மக அக்கரையிலதான் வாழ்க்கைப்பட்டிருக்கா. தினமும் கரை வரைக்கும் போவேன். திரும்புற நேரமாச்சுன்னு ஒரு நாள்கூட இறங்கி அவ வீட்டுக்குப் போனதில்ல. புள்ள பொறந்தப்பகூட படகுத்துறைக்குத் தூக்கிட்டு வந்துதான் காட்டினா. நான் படகு மேலேயே நின்னு கையை ஆட்டிட்டுப் படகைத் திருப்பிட்டேன். போன மாசம், 'இனிமே துறைக்கு வரமாட்டேன்ப்பா'ன்னு சொல்லிட்டா."

பெரியவரின் குரல் இறங்கியது.

"படகுல போய் இறங்கினா, வேலைக்கு வந்தவன்னுதானே நினைப்பா? இந்த ஒரு தடவையாவது, அவளைப் பார்க்கறதுக்குன்னே வந்தேன்னு அவளுக்குத் தெரியணும்மா."