வகுப்புக் குழுவில் வந்த படம்

2019 ஜூலை 11, வியாழக்கிழமை, ஆலங்கரை அரசுப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பில் பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்கும் பாடம் நடந்தது. பயிற்சிக்காக ஆசிரியை ஜெசிந்தா முந்தைய நாளே வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தியை எழுதிப் போட்டிருந்தார்: ‘இவன் பிள்ளை பிடிக்கிறவன். கண்டால் விடாதீர்கள்.’ வேறு யாருக்கும் கெடுதல் வரக்கூடாதென்று, தன் கணவர் எட்வினின் படத்தையே அதில் சேர்த்திருந்தார். எட்வின் ஊர் ஊராகப் போய் குக்கர் விற்பவர். பிள்ளைகளுக்குச் சொந்தமாகப் போன் இல்லாததால், குழுவில் இருந்தவை எல்லாம் பெற்றோரின் எண்கள்.

பாடத்துக்காக அம்மாவின் போனைக் கொண்டுவந்திருந்த கவிநிலா எழுந்தாள்.

“மிஸ், இது பொய்தானே?”

“எப்படிக் கண்டுபிடிச்சே? சத்தமா சொல்லு, எல்லாரும் கேக்கட்டும்.”

“கண்டுபிடிக்கல மிஸ். எங்க சித்தப்பா இந்த ஆளைப் பிடிச்சுட்டாங்களாம். இப்பதான் அம்மாவுக்குப் படம் அனுப்பியிருக்காங்க.”

படத்தில் எட்வினை மின்கம்பத்தில் கட்டியிருந்தார்கள். சட்டை முழுக்க ரத்தம்.

ஜெசிந்தா போனைப் பிடுங்கி படம் வந்த எண்ணை அழைத்தார்.

“விட்டுடுங்க, அவர் என் வீட்டுக்காரர். அந்தச் செய்தியை நான்தான் எழுதினேன். பொய்ங்க அது, பாடத்துக்காக எழுதினது.”

“அடேய், இவனுக்குப் பொண்டாட்டி வேற இருக்காளாம்டா!” பின்னால் பலர் சிரித்தார்கள். பிறகு அதே குரல் கேட்டது: “நீ சொல்றதை எப்பிடிம்மா நம்புறது? ஆதாரம் இருக்கா?”

அவர் வாய் திறப்பதற்குள் இணைப்பு அறுந்தது. திரும்ப அழைத்தபோது யாரும் எடுக்கவில்லை. கவிநிலாவிடம் சித்தப்பாவின் ஊரைக் கேட்டுப் போலீஸுக்குச் சொன்னார்.

போலீஸ் ஜீப் போய்ச் சேர்ந்தபோது எட்வினுக்கு மூச்சு இருந்தது.