குறை மன்னர்

திங்கட்கிழமை மாலை ஆறு மணி. காலையில் பன்னிரண்டு சாக்லேட் மஃபினோடு ஆபீஸுக்குப் போன டப்பா, காலியாக வீடு திரும்பியது. அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு ஷூவைக் கழற்றினார் குறை மன்னர்.

அந்தப் பட்டத்தைக் கொடுத்தது அவர் மனைவியின் தங்கை. அன்றைக்கு அவளும் வந்திருந்தாள்.

"அத்தான், இந்த வாரம் என்ன குறை? சீக்கிரம் சொல்லுங்க. அக்கா ஒரு மணி நேரமா நகத்தைக் கடிச்சிட்டு இருக்கா."

"குளிச்சிட்டு வந்து சொல்றேன்" என்று துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"பாத்தியாக்கா? குறை சொல்றதுக்குக் கூட மனுஷன் சுத்தபத்தமா வர்றாரு."

மனைவி சிரிக்கவில்லை. அவர்கள் குடியிருந்த அடுக்குமாடியின் தரைத்தளத்தில் ஒரு சின்னக் கடை காலியாக இருந்தது. தையல்காரர் விட்டுப் போன இடம். அதில் பேக்கரி வைக்க அவளுக்கு ஆசை. நாளைக் காலைக்குள் பதில் வராவிட்டால் செல்போன் ரிப்பேர்காரருக்குக் கொடுத்துவிடுவதாகக் கடை உரிமையாளர் சொல்லிவிட்டார்.

"அவர் வாயிலிருந்து ஒரே ஒரு தடவை குறை இல்லைன்னு வரட்டும், கடையை எடுக்கலாம்னு இருந்தேன். கட்டின புருஷனுக்கே பிடிக்காததை ஊருக்கு விக்க முடியுமா?"

"அப்படி என்னதான் சொல்றாரு?"

"முதல்ல, நடுவுல இருக்க வேண்டிய சாக்லேட் அடியில போய் உட்கார்ந்துடுச்சுன்னார். சரின்னு உருண்டை பிடிச்சு, ஃப்ரீசர்ல கல்லு மாதிரி ஆக்கி, அப்புறம் மாவுக்குள்ள வெச்சேன். அடுத்த வாரம், தலை தட்டையா இருக்கு, கடையில வாங்கினா குடை மாதிரி எழும்பி நிக்கும்னார். கப் நிறைய மாவை ஊத்தி, ஓவனை முதல்ல நல்லாச் சூடாக்கி, அப்புறம் குறைச்சேன்."

"எழும்புச்சுல்ல?"

"எழும்புச்சு. உடனே, கடிச்சா சாக்லேட் சட்டையில தெறிக்குதுன்னார். அன்னைக்கு அவர் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை. ஒரு பொட்டு கூட இல்லை! கேட்டா, குனிஞ்சு தின்னேங்கறார். அதுக்காக சாக்லேட்ல கலக்கற க்ரீமைக் குறைச்சுக் கெட்டியாக்கினேன்."

தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள்.

"போன வாரம் இன்னும் மேல. வாசல்ல நின்னு இனிப்பு அதிகம்னார். கை கழுவிட்டு வந்து இனிப்பு பத்தலைன்னார்."

"ஒரே வாய்க்குள்ள ரெண்டு நாக்கா?"

"அதையேதான் நானும் கேட்டேன். பேப்பரை விரிச்சு முகத்தை மூடிக்கிட்டார்."

"ஆபீஸ்ல மத்தவங்க?"

"தின்னாங்கம்பார். அதுக்கு மேல வாயைத் திறக்க மாட்டார். போதும்டி. நாளைக்குக் கடை வேண்டாம்னு சொல்லிடப் போறேன்."

மேசையில் அவருடைய போன் அடித்தது. திரையில் ‘மேனேஜர்’ என்று வந்தது. தங்கை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். மறுமுனையில் ஒரு பெண் குரல்.

"சார் இருக்காரா?"

"குளிக்கிறார். நான் அவர் வீட்டுக்காரி" என்றாள் மனைவி.

"நல்லதாப் போச்சு, உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். வெள்ளிக்கிழமை என் மகளுக்குப் பிறந்தநாள். சார் வாராவாரம் மஃபின் வாங்கிட்டு வருவாரே, மூணாவது மாடி பேக்கரி, அது எந்தத் தெருவுல இருக்கு? மேப்புல தேடித் தேடிப் பார்த்துட்டேன், சிக்கவே மாட்டேங்குது."

"கேட்டுச் சொல்றேன்" என்று வைத்தவள், குளியலறை வாசலிலேயே போய் நின்றுகொண்டாள். ஈரத் தலையோடு வெளியே வந்தார் கணவர்.

"மூணாவது மாடி பேக்கரியாமே? நாம குடியிருக்கற மாடிதானே அது? என் கையால செஞ்சதுன்னு நாலு பேர் முன்னாடி சொல்ல உங்களுக்கு அவ்வளவு வெக்கமா?"

அவர் துண்டைத் தலையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"வீட்டுல செஞ்சதுன்னு சொன்னா, ‘பிரமாதம் சார், வீட்டம்மாகிட்ட சொல்லுங்க’ன்னு மரியாதைக்குச் சொல்லிட்டுப் போயிடுவாங்க. கடையில வாங்கினதுன்னாதான் வாயைத் திறந்து திட்டுவாங்க. நீ கடை வைக்கப் போறவ. உனக்கு எது உதவும்?"

மனைவி குளியலறை வாசலை விட்டு விலகி நின்றாள்.

"அப்ப, அந்தக் குறையெல்லாம்?"

"தெறிச்சது மேனேஜர் புடவையில. இனிப்பு அதிகம்னது டிரைவர், பத்தலைன்னது கேஷியர்."

"அவங்க சொன்னாங்கன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமே, அத்தான்?" என்றாள் தங்கை.

"முகம் தெரியாதவங்க சொன்னா உங்க அக்கா அதையே நினைச்சுத் தூங்க மாட்டா. நான் சொன்னா என்னைத் திட்டிட்டு நிம்மதியாத் தூங்கிடுவா."

"சரி, இந்த வாரக் குறை என்ன?" மனைவியின் குரல் இறங்கியிருந்தது.

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலை. கடை எங்க இருக்குன்னு மட்டும் கேட்டாங்க. குறை சொல்லியே பழகிட்டேனா, இதை எப்படிச் சொல்றதுன்னு யோசிக்கத்தான் குளிக்கவே போனேன்."

"உங்களுக்குப் பிடிச்சிருந்துதா? அதைச் சொல்லுங்க."

"எனக்கு எங்க கிடைச்சுது? டப்பாவைத் திறந்தா பன்னிரண்டையும் அவங்களே காலி பண்ணிடறாங்க. நான் இதுவரைக்கும் ஒண்ணு கூடத் தின்னதில்லை."

ஜூன் ஒன்பதாம் தேதி காலை, தரைத்தளத்தில் ‘மூன்றாவது மாடி பேக்கரி’ திறந்தது. ஓவனிலிருந்து வந்த முதல் மஃபினைக் குறை மன்னர் எடுத்துக்கொண்டார். ஆறும்வரை பொறுக்கவில்லை; குனியவும் இல்லை. வெள்ளைச் சட்டை வீணாய்ப் போனது.