நாத்தனாருக்கு ஒரு கிழங்கு

கொல்லைச் சுவரோரம் மாலை வெயில் செவ்விஞ்சி இலைகளுக்குள் புகுந்து பச்சையாகக் கசிகிறது. அவள் தொட்டியைச் சாய்த்துத் தட்டி வேர்க்கட்டியை வெளியே உருட்டுகிறாள். அழகுக்கு வளர்க்கிற இஞ்சி இது. ஆளுயரத் தண்டுகளின் உச்சியில் சிவப்புக் கொத்துகள் இருந்திருக்க வேண்டும். இருப்பதோ அறுபட்ட நுனிகள். அவள் ஊரில் இல்லாத நேரம் பார்த்து ஒன்று விடாமல் அறுத்துப்போன நாத்தனார், தன் மகள் கல்யாண மேடை முழுக்க அவற்றைச் செருகி, "எல்லாம் எங்க வீட்டுத் தொட்டியில பூத்தது" என்று சம்பந்தியிடம் பீற்றிக்கொண்டவள், இப்போது பின்வாசலில் அசடு வழிய நிற்கிறாள்.

"மழைக்காலம் முடிஞ்சதும் சம்பந்தியம்மா செடியப் பாக்க வர்றாங்களாம், அண்ணி. ஒரு துண்டு குடுங்க. என் மானமே போயிடும்."

"உனக்கில்லாததா?"

கத்தி இறங்க, கார வாசனை எழுகிறது. அவள் கட்டைவிரல் கிழங்கைத் தடவி, முளைவிடப் புடைத்திருக்கும் கண்களைத் தேடுகிறது. பால்பல் முளைக்கும் ஈறு மாதிரி, இளஞ்சிவப்பாக. முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, கத்திமுனையால் ஒவ்வொன்றாக நோண்டி எறிகிறாள். கண் போன கிழங்கு எந்த மண்ணிலும் முளைக்காது. நோண்டிய குழிகளில் சேற்றை அப்பி, ஈரச்சாக்கில் பதமாகச் சுற்றி, இரண்டு கையாலும் நீட்டுகிறாள்.

"சீக்கிரம் முளைச்சிடுமா அண்ணி?"

"தினமும் கொஞ்சமா தண்ணி ஊத்து. தோண்டித் தோண்டிப் பாக்காத." நாத்தனாரின் தோளில் ஒட்டிய சருகை அவள் வாஞ்சையாகத் தட்டிவிடுகிறாள். "சம்பந்தியம்மா வர்ற அன்னைக்கு மறக்காம எனக்கும் சொல்லு. நானும் வந்து பாக்கணும்."