ஆயுள் பட்டம்

பழைய சங்கம் கொடுத்த சதுரங்க மாஸ்டர் பட்டம் ஆயுளுக்கும் நிற்கும். புதுச் சங்கத்தில் புள்ளி இறங்கினால் பட்டம் போய்விடும். பட்டம் போனால், மாஸ்டர்கள் மட்டுமே குடியிருக்கக்கூடிய மிதக்கும் நகரத்து வீடும் போய்விடும். நகரம் புதுச் சங்கத்துக்கு மாறியபோது வான்மதிக்கும் கணவன் எழிலரசுக்கும் ஒரே ஆட்டம்தான் மிச்சமிருந்தது, ஒருவரையொருவர் எதிர்த்து. தோற்பவருக்குப் புள்ளி இறங்கிவிடும். டிரா செய்தாலும், வேண்டுமென்றே தோற்றாலும் இருவருமே வெளியே.

சாப்பாட்டு மேசையில் ஆடினார்கள்.

"என்னடி, தூங்கிட்டியா?" என்று சீண்டினான்.

அவனுடைய ராஜா மாட்டும் வழியை அவள் பார்த்துவிட்டிருந்தாள். இனி பார்க்காததுபோல் நடிக்கவும் முடியாது. குதிரையை நகர்த்தினாள்.

தோற்றவன் வழக்கம்போல் கைகுலுக்கினான். கையை எடுக்கவில்லை.

"பாப்பா ஸ்கூல் விட்டு வந்தா, அப்பா டோர்னமென்ட்டுக்குப் போயிருக்கார்னு சொல்லு."