தூசு படியாத பூட்டு

பூட்டில் தூசு இல்லை.

தாய்மார்கள் பாலூட்டும் அறை என்றது பலகை. அதில் ஒரு தாய் குனிந்து பிள்ளையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். முந்தானையில் ஒரு மடிப்புகூடக் கலையவில்லை. பிள்ளை பெற்றவள் எவளும் அந்தப் படத்தை வரைந்திருக்க மாட்டாள்.

இவள் தோளில் கிடந்த மகள் வீறிட்டாள்.

அழுகை கேட்டதும் பால் சுரந்துவிட்டது. ரவிக்கை நனைந்து ஒட்டியது. ஏற வேண்டிய பழனி பஸ் அதற்குள் உறுமத் தொடங்கியிருந்தது. அதில் நிற்க இடம் கிடைத்தாலே பெரிய விஷயம். நின்றுகொண்டு எங்கே பால் கொடுப்பது?

ஜன்னல் கம்பி வழியாக அறைக்குள் பார்த்தாள்.

ஒரு மொபெட் நின்றது.

துடைத்து, மேலே துணி போர்த்தி விட்டிருந்தார்கள். வெயில் படாமல், யாருடைய தொந்தரவும் இல்லாமல் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. நேற்றுதான் பிள்ளை பெற்று வந்ததுபோல.

வாசலில் கொய்யாக்கூடையோடு உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“டைம் கீப்பர் வண்டி தாயி. சாவி அவருகிட்டதான் இருக்கும்.”

டைம் கீப்பரின் அறை பேருந்து நிலையத்தின் நடுவில் இருந்தது. துண்டு விரித்த நாற்காலி. மேசை விசிறி. கழுத்து வளைந்த மைக். அந்த மைக்கை அவர் அணைப்பதே இல்லை. அவர் செருமுவது, டீயை உறிஞ்சுவது எல்லாம் கம்பங்களில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய்கள் வழியாக நிலையம் முழுக்கக் கேட்கும். யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை.

அவள் சாவி கேட்டாள்.

“சாவி ஆபீஸ்ல இருக்கும்மா. அந்த பெஞ்சுல திரும்பி உக்காந்து குடு. யாரு பாக்கப் போறா?”

சொல்லும்போது அவர் கண் நனைந்த ரவிக்கையில் இருந்தது.

யாரு பாக்கப் போறா என்று குழாய்களும் கேட்டன. நிலையமே திரும்பி அவளைப் பார்த்தது.

பெஞ்சில் ஆண்கள் காலை அகட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் நகரவில்லை. அவர்களுக்குப் பின்னால் நீளமான சுவர். அது முழுக்க ஈரம். அங்கே போய் நிற்க யாரும் அவர்களைச் சாவி வாங்கி வரச் சொல்லவில்லை.

அவளுக்குக் கோபம் வந்தது.

பால் கொடுக்கிறவள் கோபப்படக் கூடாது, பால் கெட்டுவிடும் என்று மாமியார் சொல்லி அனுப்பியிருந்தாள்.

கெடட்டும் என்று நினைத்தாள்.

பிறகு, அதெல்லாம் கெடாது என்று நினைத்தாள்.

வெளியே ஒரு வண்டி வழியை மறித்துக் குறுக்கே நின்றது. டைம் கீப்பர் விசிலோடு இறங்கிப் போனார்.

அவள் அவருடைய அறைக்குள் போனாள். கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

நாற்காலி நன்றாகவே இருந்தது. விசிறியைத் தன் பக்கம் திருப்பினாள். கொக்கிகளைக் கழற்றினாள். மகள் முட்டி மோதிக் கவ்விக்கொண்டாள். அழுகை பாதியில் நின்றது.

எத்தனை எளிமையான காரியம். இதற்குத்தான் இந்தப் பாடு.

கதவு தட்டப்பட்டது.

“தொறம்மா. வண்டிக்குக் கையெழுத்துப் போடணும்.”

அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு வண்டியும் நகர முடியாது. போட வேண்டிய தாள்கள் அவள் முழங்கைக்குக் கீழே இருந்தன. ஹாரன்கள் ஒன்றையொன்று முந்தின. பழனி வண்டியின் ஹாரன்தான் எல்லாவற்றையும்விடச் சத்தமாக இருந்தது.

அவள் அசையவில்லை.

ஹாரன்களுக்கு நடுவே வேறொரு சத்தம் கேட்டது. களுக், களுக் என்று. நடுவில் ஒரு மூச்சு. மறுபடி களுக்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. சத்தம் வெளியிலிருந்து வந்தது. கம்பங்களிலிருந்து, கூரையிலிருந்து, டீக்கடைப் பக்கமிருந்து வந்தது.

மைக்கைப் பார்த்தாள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கை சுவிட்சுக்குப் போனது.

நின்றது.

மைக்கின் கழுத்தைப் பிடித்து மகளின் வாய்ப் பக்கம் வளைத்துவிட்டாள்.

ஹாரன்கள் ஒவ்வொன்றாக அடங்கின. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை இறக்கிவிட்டு நின்றார். பெஞ்சில் இருந்தவர்கள் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். கொய்யாக்காரி கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கதவுக்கு முன்னால் அதை இறக்கி, சேலையைச் செருகிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள். தன் பாட்டுக்குக் கொய்யாவைத் துடைக்க ஆரம்பித்தாள்.

ஜன்னலில் டைம் கீப்பரின் முகம் வந்தது. வியர்த்திருந்தது. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கம்பிக்குள் நீட்டினார்.

“இந்தாம்மா. வண்டிய வெளிய எடுத்துடறேன். நீ அந்த ரூமுக்கே போயிரு. புண்ணியமாப் போகும்.”

அவள் சாவியை வாங்கினாள். பிள்ளைத் துணிப் பைக்குள், அடியில் போட்டாள்.

மகள் வாயை எடுத்தாள். தோளில் போட்டு முதுகைத் தடவிக்கொடுத்தாள். ஏப்பம் வந்தது. அதுவும் எல்லாக் குழாய்களிலும் வந்தது. தூரத்தில் ஒரு பெண் சிரித்தாள்.

மகள் மறுபடி சிணுங்கினாள்.

அவள் மகளை இடமிருந்து வலத்துக்கு மாற்றினாள். மைக்கையும் அந்தப் பக்கம் திருப்பி வைத்தாள். டைம் கீப்பர் இன்னும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இன்னொரு பக்கம் இருக்கு” என்றாள்.

பழனி வண்டி இன்ஜினை அணைத்தது.